மலை காணாத மலைச் சைக்கிள்களுக்காக ஒரு விண்ணப்பம்

திருநின்றவூர்,
மார்கழி மாதம்.

திருநின்றவூர் முதல் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வரையிலும், தங்கள் இல்லத்து மாடிப்படியின் கீழோ மொட்டைமாடியின் மூலையிலோ எம்.டி.பி. எனப்படும் பழைய மலைச் சைக்கிள் ஒன்றை உபயோகமின்றி வைத்திருக்கும் அன்பர்கள் அனைவருக்கும்,



போகிப் பண்டிகை நெருங்கிவரும் இந்த நாட்களில், வீட்டுக்கு வெள்ளையடித்து வேண்டாத பொருள்களைக் கழித்துவிடுவது நம் ஜனங்களின் நெடுநாளைய வழக்கமாதலால், பழைய இரும்பு வாங்குவோரின் மூன்று சக்கர வண்டிகள் காலை முதல் மாலை வரை நம் தெருக்களில் சுற்றிவருவதைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த வண்டிகளின் மேல், உடைந்த பீரோக் கதவுகளுக்கும் துருப்பிடித்த தகரங்களுக்கும் நடுவில், தடித்த டயரும் நேரான ஹேண்டில்பாரும் உடைய சைக்கிள் கிடப்பதைக் கண்டு மனம் வருந்தியவன் என்ற ஒரே உரிமையில் இதை எழுதுகிறேன். என் விண்ணப்பம் சுருக்கமானது: அந்தச் சைக்கிளை எடைக்குப் போடாதீர்கள், அதைத் துடைத்து, பழுது நீக்கி, மறுபடியும் ஓட்டுங்கள். காரணங்கள் அவ்வளவு சுருக்கமானவையல்ல; ஆகையால் சற்றே பொறுமையுடன் படித்தருளுமாறு வேண்டுகிறேன்.

கறுப்பு வர்ணமும் பின்புறக் கேரியரும் தாங்கிய இருபத்தெட்டு அங்குலச் சைக்கிளையே சைக்கிள் என்று அறிந்திருந்த நம் தெருக்களுக்கு, சென்ற நூற்றாண்டின் தொண்ணூறுகளில், அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸ் எம்.டி.பி.யும் லூதியானாவிலிருந்து ஹீரோ ரேஞ்சரும் வந்து சேர்ந்தன. இருபத்தாறு அங்குலச் சக்கரமும், முரட்டுப் பற்கள் நிறைந்த அகன்ற டயரும், கண்ணைப் பறிக்கும் வர்ணமும், சட்டத்தில் பெரிய எழுத்து ஸ்டிக்கரும் கொண்டிருந்த அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கியர் கிடையாது. ஆயினும், ஆவடி டாங்கித் தொழிற்சாலையிலோ, பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையிலோ, அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் ஒரு சிறு பட்டறையிலோ வேலை பார்த்த தகப்பனார், பண்டிகை முன்பணம் வாங்கியோ சீட்டுப் பணத்தை எடுத்தோ, பத்தாம் வகுப்பில் தேறிய பிள்ளைக்கு அத்தகைய சைக்கிள் ஒன்றை வாங்கிக் கொடுத்த நாள், அந்தக் குடும்பத்தின் சரித்திரத்தில் ஒரு விசேஷ தினமாகவே இருந்தது. மலைக்கென்று பெயர் பெற்ற அந்தச் சைக்கிள்கள் நம் பக்கத்தில் ஏறிய மேடுகளெல்லாம் ஏரிக்கரைகளும் ரயில்வே கேட்டின் சரிவுகளுமே. அதனால் அவற்றின் பெருமை குறைந்ததாக நான் நினைக்கவில்லை. எந்தப் பிள்ளைக்கும் அவன் ஊரின் ஏரிக்கரையே முதல் மலை.

இந்தச் சைக்கிளுக்கும் நம் பிரதேசத்துக்கும் உள்ள சம்பந்தம் வாங்கினவன், விற்றவன் என்ற அளவில் நின்றுவிடுவதன்று. ஹெர்குலிஸ் என்ற பெயர் 1910-ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்துப் பர்மிங்காம் நகரில் கிரேன் சகோதரர்கள் தொடங்கிய கம்பெனியின் பெயர். அது 1946-இல் ட்யூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் என்னும் பெரிய நிறுவனத்தின் வசமாயிற்று. சுதந்திரம் பெற்ற இரண்டாம் ஆண்டாகிய 1949-இல், அந்த நிறுவனத்தாரும் நம் முருகப்பா குடும்பத்தாரும் கூடி, சர். ஏ. ராமசாமி முதலியார் அவர்களைத் தலைவராகக் கொண்டு, அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலையை நிறுவினார்கள். 1955-இல் ஆவடியில் ட்யூப் புராடக்ட்ஸ் ஆலை எழுந்தது. எஃகுப் பட்டையை உருளையாக வளைத்து, அதன் இரு விளிம்புகளையும் மின்சாரத்தின் உஷ்ணத்தால் பற்றவைத்துக் குழாயாக்கும் வித்தை அங்கே நடைபெற்றது. 1960-இல், அமெரிக்க தேசத்து இண்டியானாபோலிஸ் நகரிலிருந்த டயமண்ட் செயின் கம்பெனியின் கூட்டுறவோடு சங்கிலி செய்யும் ஆலையும் அம்பத்தூரில் தோன்றியது. ட்யூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தின் தலைவராயிருந்த சர். ஐவன் ஸ்டெட்போர்டு அவர்களின் பெயரைத் தாங்கி 1966 முதல் அம்பத்தூரில் நிற்கும் மருத்துவமனையும், ராமசாமி முதலியார் அவர்களின் பெயரைத் தாங்கிய பள்ளிக்கூடமும், சைக்கிள் என்ற ஓர் எளிய வாகனத்தின் பின்னே நம் பகுதிக்கு வந்து சேர்ந்த செல்வங்கள் என்பதைத் தங்களில் பலர் அறிவீர்கள்.

குழாயும் சங்கிலியும் முழுச் சைக்கிளும் ஒரே ரயில் பாதையின் சில நிலையங்களுக்குள்ளேயே உருவான பிரதேசம் நம்முடையது. திருநின்றவூரிலும் பட்டாபிராமிலும் விடியற்காலை மின்சார ரயில் ஏறி, அந்த ஆலைகளில் எட்டு மணி நேரம் நின்று, சட்டங்களைப் பற்றவைத்தும், வர்ணம் பூசியும், ஆரக்கம்பி கோத்தும் திரும்பிய எத்தனையோ பேரின் உழைப்பு, மாடிப்படியின் கீழ் நிற்கும் அந்தச் சட்டத்தில் இன்னும் சிதையாமல் இருக்கிறது. அவர்களில் ஒருவர் தங்கள் அண்டைவீட்டுக்காரராகவோ தங்கள் தகப்பனாராகவோகூட இருந்திருக்கலாம். இன்ன மனிதர் செய்தார் என்று பெயர் பொறிக்கப்படாத பொருள்களை, பயன்பாடு குறைந்த உடனே இரும்பென்று கணக்கிட்டு நிறுத்துவிடுவது, அவற்றைச் செய்த கைகளை மறப்பதற்குச் சமானம் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

இனி, மலைச் சைக்கிளின் பிறப்பு எவ்வாறு நிகழ்ந்தது என்பதைச் சொல்லுகிறேன். ஏனெனில் என் விண்ணப்பத்துக்கு அதைவிட வலிமையான சாட்சி வேறில்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்து மாரின் ஜில்லாவில், டமால்பயஸ் மலையைச் சுற்றிய ஊர்களில் வாழ்ந்த சில இளைஞர்கள், 1970-களில், பழைய சாமான் கடைகளிலும் வீட்டுக் கொட்டகைகளிலும் கேட்பாரற்றுக் கிடந்த ஷ்வின் கம்பெனிச் சைக்கிள்களைச் சொற்ப விலைக்கு வாங்கினார்கள். அவை 1930-களிலும் அதையொட்டிய ஆண்டுகளிலும் செய்யப்பட்டவை. பருத்த டயரும் கனத்த சட்டமும் உடையவை. செய்தித்தாள் போடும் பையன்கள் ஓட்டித் தேய்த்தவை. அவற்றின் மட்கார்டையும் வேண்டாத அலங்காரங்களையும் கழற்றிவிட்டு, அந்த இளைஞர்கள் மலையின் மண்பாதைகளில் இறங்கிப் பார்த்தார்கள். 1976-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் தேதி, ஃபேர்ஃபாக்ஸ் என்னும் சிற்றூருக்கு அருகே, சுமார் 1,300 அடி இறங்கும் ஒரு செங்குத்தான பாதையில் அவர்களுடைய முதற்பந்தயம் நடந்தது. ஒருமுறை கீழே வந்து சேருவதற்குள் பின்சக்கரப் பிரேக்கினுள் இருந்த கிரீஸ் உஷ்ணத்தால் புகைந்து போய்விட, மறுபடியும் கிரீஸ் அடைத்த பிறகே அடுத்த இறக்கத்துக்கு அந்தச் சைக்கிள்கள் ஆயத்தமாயின. அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஜோ ப்ரீஸ், அடுத்த ஆண்டில் இதற்கென்றே புதிய சட்டம் செய்தார்; காரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் 1979-இல் ஒரு சிறு கம்பெனி தொடங்கினார்கள்; 1981-இல் ஸ்பெஷலைஸ்டு கம்பெனியின் ஸ்டம்ப்ஜம்பர் பெருந்தொகையாக உற்பத்தியாகி விற்பனைக்கு வந்தது; 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக் விளையாட்டில் மலைச் சைக்கிள் பந்தயமும் இடம்பெற்றது.

இத்தனை பெரிய வமிசத்தின் மூலபுருஷர்கள், கழித்துப்போட்ட பழைய சைக்கிள்களே என்பதைத் தாங்கள் நன்றாக மனத்தில் கொள்ள வேண்டும். ஆகவே பழைய சைக்கிளை மீட்டு ஓட்டுபவர், இந்த வாகனத்தின் ஆதிக் கதையைத் தம் வீட்டு வாசலில் மறுபடியும் தொடங்கிவைக்கிறார். மாரின் இளைஞர்களுக்கு அன்று ஷ்வின் எவ்வளவு பழையதோ, ஏறக்குறைய அவ்வளவு பழையதாகிவிட்டது இன்று நம்முடைய ஹெர்குலிஸ். அவர்களுக்கிருந்த உற்சாகம் நமக்கு ஏன் இருக்கக்கூடாது?

பழமையின் மேல் பற்றுக்கொள்வது சோம்பேறிகளின் இயல்பு என்று கூறுவோர் உண்டு. அலமாரியில் வைத்துப் பார்த்துப் பெருமூச்சு விடுவதோடு நின்றுவிடும் பற்றைக் குறித்து அவர்கள் அவ்வாறு கூறுவார்களானால், நானும் உடன்படுவேன். சைக்கிளின் மேலுள்ள பற்றோ அத்தகையதாக இருக்க இயலாது. ஏனெனில் சைக்கிளைப் பார்த்தால் ஞாபகம் முழுவதும் வருவதில்லை, ஓட்டினால்தான் வருகிறது. அந்த நேரான ஹேண்டில்பாரின் அகலத்துக்குத் தோள்கள் தாமாகவே விரிவதும், சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதிக்கும்போது சட்டம் இடமும் வலமும் சாய்ந்து கொடுப்பதும், அகன்ற டயரின் பற்கள் தார்ச்சாலையில் எழுப்பும் தனித்த ஓசையும், மூச்சு இரைக்கும் விதமும் ஒன்றுகூடியவுடன், புகைப்படம் எதுவும் தரமாட்டாத பழைய திருநின்றவூர் நம் எதிரே எழுந்து வருகிறது: நெல் வயல்களுக்கு நடுவே மனைப்பிரிவுக் கற்கள் அப்போதுதான் நடப்பட்டிருந்த காலம், பள்ளி விட்டதும் நண்பர்கள் நால்வர் வரிசையாகச் சென்ற செம்மண் பாதைகள், ரயில் நிலையத்துச் சைக்கிள் ஸ்டாண்டில் நம் வண்டியை அடையாளம் காட்டிய ஸ்டிக்கர், தாய் தந்தையரின் பார்வைக்கு எட்டாத தொலைவு வரை முதன்முறையாகச் சென்று, இருட்டுவதற்குள் திரும்பிவந்த பெருமிதம். அந்தப் பிராயத்தில் சுதந்திரம் என்பதன் பொருளை நமக்குப் போதித்த ஆசான் அந்தச் சைக்கிளே.

அவ்வாறு ஓட்டிச் செல்லும்போது, அன்றிருந்ததோடு இன்றிருப்பதும் கண்ணில் படுகிறது. எந்த ஏரியின் நீர்ப்பரப்பு எவ்வளவு சுருங்கியது, எந்தக் கால்வாய் வீடுகளுக்கு இடையில் மறைந்தது, எந்த மரம் இன்னும் நிற்கிறது என்பதெல்லாம், காரில் விரைவோருக்குத் தெரியாத நிதானத்தில் நமக்குத் தெரியவருகிறது. ஆகையால் இந்தப் பற்று, ஊரின் மேல் அக்கறையாக முதிரக்கூடிய பற்று. இதைச் சோம்பலென்று ஒதுக்குவது நியாயமன்று.

நம் ஊருக்கு ஒரு பெருமை உண்டு. பொருள் தேடி அலைந்தும் கிட்டாத பூசலார் நாயனார், மனத்துக்குள்ளேயே கருவிகளையும் ஆட்களையும் சேர்த்து, நல்ல நாள் பார்த்து அடிநிலை இட்டு, சிகரம் வைத்து, சுதை பூசி, கிணறு வெட்டி, மதில் எழுப்பி, குளம் தோண்டி, ஈசனுக்கு ஆலயம் அமைத்தது இந்தத் திருநின்றவூரில்தான். அதே நாளில் குடமுழுக்குக்கு ஏற்பாடு செய்திருந்த காடவ மன்னனின் கனவில் இறைவன் தோன்றி, அன்று பூசலாரின் ஆலயத்தில் தாம் புகவிருப்பதால் மன்னனுடைய காஞ்சிக் கற்றளிக்கு வேறு நாள் குறிக்குமாறு பணித்ததாகப் பெரியபுராணம் கூறுகிறது. அந்தப் பெருங்கைங்கர்யத்தோடு நம் சிறு வேலையை ஒப்பிட நான் துணியவில்லை. ஆனால், கண்ணுக்குப் புலப்படாத ஆலயத்துக்கும் கிணற்றையும் மதிலையும் விட்டுவிடாத அந்தச் சிரத்தையை, அவர் ஊரில் வாழும் நாம் எந்தச் சிறிய காரியத்திலும் கைக்கொள்வது தகும். பழைய சைக்கிளை மீட்பதற்கும் ஒரு வரிசை உண்டு; அந்த வரிசையில் எந்தப் படியையும் தாண்டக்கூடாது.

முதலில் சட்டத்தைப் பரிசோதிக்க வேண்டும். தலைக்குழாயும் கீழ்க்குழாயும் கூடுமிடத்தில் விரிசல் உண்டா, பெடல் அச்சு செல்லும் கூட்டின் அடியில் நீர் தேங்கித் துரு அரித்திருக்கிறதா என்று பார்த்த பிறகு, தலைக்குழாயைச் சுற்றி நூலொன்றைப் போட்டு, அதன் இரு முனைகளையும் பின் சக்கர அச்சு பொருந்தும் இடங்களுக்கு இழுத்துக் கட்டுங்கள். சீட்டுக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இருபுறமும் சமமாக இருந்தால் சட்டம் நேராக இருக்கிறது. மேற்கொண்டு செலவு செய்யத் தடையில்லை. சீட்டுக் கம்பியும் நட்டுகளும் இறுகியிருக்குமாதலால், அவற்றில் எண்ணெய் விட்டு இரண்டொரு நாள் பொறுத்திருப்பது நலம். இடது பெடலின் மரை மறுதிசையில் வெட்டப்பட்டது என்பதை மறந்தவர்கள் பலத்தைப் பிரயோகித்துக் கிராங்கைக் கெடுத்துவிடுவதுண்டு. காட்டர் பின் உள்ள சைக்கிளானால், கிராங்கின் அடியில் கனத்த இரும்பைத் தாங்கலாக வைத்து, நட்டைச் சற்றே தளர்த்தி, ஓரிரு உறுதியான அடியில் பின்னை அசைக்க வேண்டும். தாங்கலில்லாமல் பல தடவை தட்டினால் பின் வளைந்து உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

பிறகு ஓவராயில். முன்சக்கர ஹப், பின்சக்கர ஹப், பெடல் அச்சு, ஹேண்டில்பார் கப்பு ஆகிய நான்கிடங்களையும் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, கோன்களில் குழி விழுந்திருந்தால் அவற்றை மாற்றி, பால்ஸ் முழுவதையும் புதிதாகப் போட்டுக் கிரீஸ் வையுங்கள். பழையதையும் புதியதையும் கலந்து போட்டால், அளவில் நுட்பமான பேதம் இருப்பதால் பாரம் முழுவதும் சில பால்ஸ்களின் மேலேயே விழும். டயர் வாங்கும்போது 26 × 2.125 என்று கேட்டு வாங்குங்கள். எஸ்.எல்.ஆர். வகைச் சைக்கிளுக்கு உரிய 26 × 1⅜ டயரும் இருபத்தாறு அங்குலம் என்றே சொல்லப்பட்டாலும், முன்னதன் உட்சுற்று விட்டம் 559 மில்லிமீட்டர், பின்னதன் விட்டம் 590 மில்லிமீட்டர். ஒன்றின் ரிம்மில் மற்றொன்று உட்காராது. பிரேக் கட்டைகளையும் வயர்களையும் பழையவை நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் மாற்றிவிடுங்கள். உயிருக்குப் பொறுப்பான இடத்தில் சிக்கனம் கூடாது. வர்ணத்தை மட்டும் தொடாதீர்கள். அசல் ஸ்டிக்கர் பாதியேனும் மிஞ்சியிருக்குமானால், துருவை மட்டும் தேய்த்தெடுத்து, மெல்லிய எண்ணெய் பூசி, அந்தக் கீறல்களோடேயே ஓட்டுங்கள். அவற்றில் ஒவ்வொன்றும் ஒரு விழுதலின் அடையாளம், அந்த விழுதல் ஒரு பிள்ளையினுடையது.

ரிம்மின் கோட்டம் எடுப்பது மட்டும் நூலறிவால் கைகூடாது. சக்கரத்தை ஸ்டாண்டில் ஏற்றிச் சுழற்றி, எந்த ஆரக்கம்பியின் நிப்பிளைக் கால் திருப்பு இறுக்குவது, எதைத் தளர்த்துவது என்று காதாலும் கண்ணாலும் ஏககாலத்தில் நிதானிக்கும் அந்த வித்தையை நம் தெருமுனைச் சைக்கிள் கடைக்காரர்களே அறிவார்கள். வாடகைச் சைக்கிளின் காலம் முடிந்து, பஞ்சர் ஒட்டும் வேலையும் குறைந்து, அந்தக் கடைகள் ஒவ்வொன்றாக வேறு கடைகளாக மாறிவருகின்றன. தங்கள் சக்கரத்தை அவரிடம் கொண்டுபோங்கள். அருகில் அமர்ந்து பாருங்கள். பள்ளி செல்லும் பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். கூலியில் பேரம் பேசாதீர்கள். சைக்கிள் பிழைத்து வித்தை அழிந்துபோகுமானால் நம் முயற்சி அரைகுறையே.

இன்றைய புதிய சைக்கிள்கள் பல வகையில் மேலானவை என்பதை மறுக்க மாட்டேன். அலுமினியச் சட்டம் எடை குறைந்தது, டிஸ்க் பிரேக் மழையிலும் பிடிக்கிறது, 27.5, 29 அங்குலச் சக்கரங்கள் குழிகளை எளிதில் கடக்கின்றன. உலகத்துப் பெரிய கம்பெனிகள் பெரியவர்களுக்கான மலைச் சைக்கிளில் இருபத்தாறு அங்குலச் சக்கரத்தை ஏறக்குறையக் கைவிட்டுவிட்டன. ஆனால் நம் பக்கத்துச் சைக்கிள் கடைகளில் அந்த டயரும் டியூபும் இன்னும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. பழைய எஃகுச் சட்டம் ஒடிந்தால் தெருமுனை வெல்டிங் பட்டறையில் ஒட்டவைத்துக்கொள்ளலாம். அந்தச் சைக்கிளில் உடையவனுக்கு விளங்காத பாகம் ஒன்றுமில்லை; சில ஸ்பானர்களும் சிறிது பொறுமையும் உள்ள எவனும் அதன் முழு ரகசியத்தையும் அறிந்துகொள்ளலாம். தான் உபயோகிக்கும் யந்திரம் முழுவதையும் தானே புரிந்துகொள்ளுதல் என்ற பாக்கியம், நம்மைச் சுற்றியுள்ள மற்றெந்த யந்திரத்தாலும் இன்று நமக்குக் கிட்டுவதில்லை.

மார்கழியும் தையும் நம் பகுதியில் சைக்கிளுக்கு உகந்த மாதங்கள். மழை ஓய்ந்து ஏரிகளில் நீர் நிற்கும், வெயில் ஏறவும் நேரமாகும். திருநின்றவூர் ஏரியை வலம்வந்து, வடக்கே பாக்கம் வழியாகத் தாமரைப்பாக்கம் சென்றால், கொசஸ்தலையாற்றின் நீரைச் சோழவரம் ஏரிக்குத் திருப்பும் அணைக்கட்டைக் காணலாம். இன்னும் திடமுள்ளோர் மேற்கே வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை, திருவள்ளூர் கடந்து, அதே ஆற்றின் குறுக்கே 1944-இல் கட்டி முடிக்கப்பட்டுச் சத்தியமூர்த்தி அவர்களின் பெயர் தாங்கிய பூண்டி நீர்த்தேக்கம் வரை செல்லலாம். சென்னை நகரம் அருந்தும் நீர் எவ்வழி வருகிறது என்பதைப் பாடப்புத்தகத்தைவிடத் தெளிவாக அந்தப் பிரயாணங்கள் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும்.

ஆகவே அன்பர்களே, தங்களிடம் நான் வேண்டுவன மூன்று. போகிக்கு முன் அந்தச் சைக்கிளை வெளியே எடுத்து, நூல் பிடித்துச் சட்டத்தைப் பாருங்கள். நேராக இருந்தால் காயலான் கடைக்காரரிடம் இல்லையென்று சொல்லிவிடுங்கள். தாங்களே ஓட்ட உடலோ நேரமோ இடந்தரவில்லையானால், ஓவராயில் செய்து, சைக்கிளில்லாத ஒரு பிள்ளைக்குக் கொடுங்கள். பழுதோடு கொடுப்பது தானமாகாது, பாரத்தை இடம் மாற்றுவதாகவே முடியும். தாங்கள் ஓட்டுவதாயின், அதைப் பழம்பொருளாகப் பூட்டிவைக்காமல், காய்கறி வாங்கவும், ரயில் நிலையம் செல்லவும், ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரை போகவும் தினசரி உபயோகத்தில் வைத்திருங்கள். ஓடும் சைக்கிளைத் துரு எளிதில் அண்டுவதில்லை.

நம் தந்தைமார் கடன்பட்டு வாங்கியதும், நம் பிரதேசத்துத் தொழிலாளர்கள் வியர்வை சிந்திச் செய்ததுமான ஒரு பொருள், இன்னும் இருபது ஆண்டுகள் உழைக்கத் தகுதியுடன் இருக்கும்போது அதை உழைக்கவிடுவது நம் கடமை. அந்தக் கடமையைச் செய்வதற்கு வேண்டிய செலவு, புதிய சைக்கிள் ஒன்றின் விலையில் சிறு பங்கே; அதைச் செய்து முடித்தபின் கிடைக்கும் சந்தோஷமோ புதிய சைக்கிள் வாங்கும் எவருக்கும் கிட்டாதது.

இங்ஙனம்,
தங்கள் ஊரவன்.